ஒரே தொட்டியில் விடக்கூடாத மீன்கள்

மீன் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்களும் அப்படித்தான் ஐயா. போன வாரம் என் கடைக்குள் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதே உங்கள் கண் அந்த நீலக் கோராமியிடம் போய்ப் போய் வந்தது. தப்பென்று சொல்லவில்லை. போலீஸ்காரருக்கும் கண் இருக்கத்தானே செய்யும்.

ஆனால் மீன் வளர்ப்பில் நிறம் கடைசிக் கேள்வி. எவ்வளவு பெரிதாக வளரும், எந்தத் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளும், கூட்டமாக இருக்குமா தனியாக இருக்குமா, பக்கத்தில் இருப்பதை வாழவிடுமா, இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் நிறத்துக்கு வரவேண்டும். பல இன மீன்கள் ஒரே தொட்டியில் அடிதடி இல்லாமல் வாழ்வதைத்தான் எங்கள் தொழிலில் கம்யூனிட்டி டேங்க் என்போம். இத்தனை வருஷமாக இதையே வாய் வலிக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஒருவராவது காது கொடுத்துக் கேட்கவேண்டுமே.

ஏஞ்சல் மீன் அழகு, நியான் டெட்ராவும் அழகு. இரண்டையும் ஒன்றாக விட்டால் ஏஞ்சல் வளர வளர நியான் குறைந்துகொண்டே வரும். "எங்க போச்சுன்னே தெரியலங்க" என்று வந்து நிற்பார்கள். எங்கே போகும், ஏஞ்சலின் வயிற்றுக்குள் போயிருக்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், அதைக் கொண்டுபோய் ஹீட்டர் போட்ட தொட்டியில் விடுவார்கள். டைகர் பார்ப் என்று ஒன்று இருக்கிறது. உடம்பில் கறுப்புப் பட்டை, துறுதுறுவென்று ஓடும், பார்த்த எவருக்கும் பிடித்துவிடும். கூட்டமாக வைத்தால் தங்களுக்குள் விளையாடிக்கொண்டு சும்மா கிடக்கும். ஒன்றை மட்டும் வாங்கி விட்டால் பக்கத்து மீனின் வாலையும் துடுப்பையும் நாள் முழுக்கக் கடித்துக்கொண்டிருக்கும். ஒரேயடியாகக் கொல்லாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்க்கும். கடிபட்டது ஒரு மூலையில் போய் நிற்கும், பிறகு ஒரு நாள் காலையில் மிதக்கும். எப்படிச் செத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் என்னிடம் யார் கேட்கிறார்கள்.

எனக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்படிச் செய்யச் சொல்லி அவள் கேட்டாளா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். இதெல்லாம் கேட்டுச் செய்கிற காரியமா? கீழே கடை, மேலே வீடு. சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு நான் மீன்களைப் பற்றிப் பேசுவேன், அவள் ஃபில்டர் பஞ்சைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். வாசலைப் பார்த்து வைத்திருக்கும் பெரிய தொட்டி, நீங்கள் பார்த்த அதே தொட்டி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது. கோராமி, மோலி, தரையோடு தரையாக மேயும் கோரி, எல்லாம் அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தவை. அந்தத் தொட்டியில் ஒரு மீன் இன்னொரு மீனை முறைத்துக்கூடப் பார்க்காது. அவள் என்னோடு இருக்கவேண்டும், கடை இப்படியே நடக்கவேண்டும். இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இருந்தாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? வாங்க வருகிறவர்கள் கப்பி மீன் வாங்கினோமா போனோமா என்றில்லாமல் "தங்கச்சிக்கு ஒண்ணும் பாக்கலியா" என்று மூக்கை நுழைத்தார்கள். சரி, செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று நானே தேடினேன். மொத்த வியாபாரியிடமிருந்து மீன் பைகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கும் ஆள் ஒருவன் இருந்தான். சின்ன உருவம், அதிர்ந்து பேசமாட்டான், பைகளைக் குலுக்காமல் வைப்பான். அப்பா அம்மா இல்லை, சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. கல்யாணம் ஆனாலும் எங்கள் வீட்டோடுதான் இருப்பான். எல்லாம் பொருந்தி வந்தது. அவனுக்கு என் தங்கையைப் பிடிக்குமா என்பதைவிட அவன் எங்கள் வீட்டில் அடங்கி இருப்பானா என்பதைத்தான் பார்த்தேன். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது என் கணக்கிலேயே இல்லை.

இதில் என் தவறு ஒன்று உண்டு. புதிதாக வந்த மீன் முதல் கொஞ்ச நாள் ஒளிந்துதான் கிடக்கும். அதை வைத்துச் சாதுவான மீன் என்று முடிவுகட்டக் கூடாது. இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், என் வீட்டு விஷயத்தில் நானே கோட்டைவிட்டேன்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தால் முதலில் வரும் வார்த்தை "ஒண்ணும் ஆகாது." எந்த மீனோடு எந்த மீனைக் கேட்டாலும் அதே பதில்தான். "இதோட இத விடலாமா?" "ஒண்ணும் ஆகாது, எடுத்துட்டுப் போங்க." சிரித்துக்கொண்டே சொல்வான். வாங்குகிறவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிப்போவார்கள். நான் வேண்டாம் என்று காரணம் சொல்லி அனுப்பிய ஆட்கள், நான் சாப்பிட மாடிக்குப் போகும் நேரம் பார்த்து அவனிடம் வருவார்கள். எனக்கு மூஞ்சியைக் காட்டிவிட்டு அவனிடம் வியாபாரம்.

ஒரு டீச்சரம்மா, சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் வைக்கத் தொட்டி வாங்கினார். நான் உட்கார்ந்து நிதானமாகப் பேசி, பத்துப் பதினைந்து நியான்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறார்களாம். மறுவாரம் அந்தம்மா மறுபடி வந்தபோது நான் மாடியில். மாப்பிள்ளை ஒரு ஆஸ்கர் குஞ்சை, தட்டளவு வளர்ந்து வாய்க்குள் நுழைவதையெல்லாம் விழுங்கும் மீனை, அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான். பிறகு ஒரு நாள் அந்தம்மா காலியான பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார்.

"பசங்க முன்னாலயே ஒவ்வொண்ணா முழுங்கிடுச்சுங்க," என்றார். "ரெண்டு பொண்ணுங்க இன்னும் அழுதுட்டே இருக்கு. நான் என்னன்னு சொல்றது?"

எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசிப்போயிற்று. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சின்னதா இருந்துச்சு மச்சான். இவ்ளோ சீக்கிரம் வளரும்னு யார் கண்டா?"

"நான் கண்டேன். என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"சரி விடுங்க. அவங்களுக்கு வேற மீன் குடுத்துடலாம்."

விடுங்களாம். பின்னாலிருந்து தங்கை வந்தாள். அவனைக் கண்டிப்பாள் என்று பார்த்தேன். "ஆஸ்கர நம்ம எடுத்துக்கலாங்க டீச்சர். நானே வகுப்புக்கு வந்து புது மீன விட்டுட்டு, பசங்ககிட்ட பேசிட்டு வரேன்," என்றாள். அப்படியே போனாள், பிள்ளைகள் வரைந்து கொடுத்த மீன் படங்களோடு திரும்பி வந்தாள். அதை மாடியில் அவனிடம் காட்டி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குக் கீழே கேட்டது. தப்பு செய்தவனோடு சேர்ந்து சிரிப்பு. என்னோடு இருந்த காலத்தில் அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்ததே இல்லை. கடித்துக் கடித்து அவளை எப்படி மாற்றிவிட்டான் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மாறியது அது மட்டுமா? ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஃபில்டர் பஞ்சை நானே கழுவ ஆரம்பித்தேன். நான் மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "தெரியும் அண்ணா" என்று முடித்துவிடுவாள். நல்ல நிறமாக, சதைப்பிடிப்பாக, தெம்பாக இருந்தாள். பார்ப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பார்கள். நிறத்தைப் பார்த்து முடிவுகட்டுகிறவர்கள்.

இப்போது பிளக் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டர் கண்ணாடிக் குழாய். விரிசல் விட்டால் மின்சாரம் தண்ணீருக்கு வந்துவிடும். அதனால் கடையில் ஒரு விதி வைத்திருந்தேன். தண்ணீரில் கைவைக்கிறவர், தானே போய் பிளக்கைப் பிடுங்கி, அந்த ஒயரைத் தன் தோளில் போட்டுக்கொண்டுதான் கைவைக்கவேண்டும். தோளில் ஒயர் இருந்தால் தொட்டியில் கரண்ட் இல்லை என்று அர்த்தம். நானும் தங்கையும் ஒரு நாளும் இதைத் தவறவிட்டதில்லை. மாப்பிள்ளைக்கு இது சிரிப்பு. "ஒயர மாலையா போட்டுக்கணுமா மச்சான்?" என்பான். வாசல் தொட்டியின் பிளக், நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. அவன் தொட்டிப் பக்கம் நின்றபடியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "மச்சான், புடுங்கியாச்சா?" என்று குரல் கொடுப்பான். நான் திட்டிக்கொண்டே திரும்பி, பிடுங்கிவிட்டு, "ஆச்சு" என்பேன். அதன் பிறகுதான் கைவைப்பான். கேட்காமல் வைத்ததில்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தன் உயிரை அடுத்தவன் வாய்வார்த்தையில் வைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன். "நீங்க இருக்கீங்கல்ல மச்சான், ஒண்ணும் ஆகாது" என்பான்.

போன மாதம் ஒரு காலை தங்கை ஸ்கூட்டரை எடுக்காமல் பஸ்ஸில் எங்கேயோ போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். தனியாகத்தான் போனாள். அடுத்த நாள் காலையில் எனக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, வழக்கமாக உள்ளே போகிறவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, நாங்க பக்கத்து ஊர்ல ஒரு கடை பாத்திருக்கோம். நேத்து அதுக்குத்தான் போனேன்."

"என்ன கடை?"

"மீன் கடைதான். வேற என்ன தெரியும் எனக்கு? அடுத்த மாசம் போயிடலாம்னு இருக்கோம்."

"அவன் சொன்னானா?"

"நான்தான் சொன்னேன். அவரு இங்கயே இருக்கலாம்னுதான் சொல்றாரு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால நிக்க முடியல அண்ணா." என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். "நீயும் வந்துடேன். அங்க மேல ஒரு ரூம் தனியா இருக்கு. உனக்குன்னு வச்சுக்கலாம்."

தனி ரூம். நோய் வந்த மீனை மற்ற மீன்களோடு விடாமல் ஒரு சின்னத் தொட்டியில் தனியாகப் போட்டுவைப்போம். அந்த மாதிரி எனக்கு ஒரு ரூம். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வார்த்தை அவளுடையதில்லை. அவள் வாயில் அவன் பேசினான் என்றுதான் எனக்குப் பட்டது. அவனோ இங்கேயே இருக்கலாம் என்று சொன்னானாம். அதையும் அவன் சொல்லிக்கொடுத்துத்தான் சொல்லியிருப்பாள்.

ஐயா, தொட்டியில் ஒத்துப்போகாத மீன் இருந்தால் மூன்று வழி. வாங்கின கடையில் திருப்பிக் கொடுக்கலாம், இன்னொரு தொட்டிக்கு மாற்றலாம். இந்த இரண்டும் அவன் விஷயத்தில் முடியாது. திருப்பிக் கொடுக்க அவனுக்கு ஆளில்லை, இன்னொரு தொட்டிக்குப் போனால் அவளையும் கூட்டிக்கொண்டு போவான். நான் ஆத்திரத்தில் எதுவும் செய்யவில்லை என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன். உட்கார்ந்து யோசித்தேன்.

போன வாரம் ஒரு நாள் மாப்பிள்ளைதான் வாசல் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினான். ஹீட்டரை அணைக்காமலே தண்ணீரைப் பாதிக்கு இறக்கியிருக்கிறான். தண்ணீருக்கு வெளியே நின்று காய்ந்த கண்ணாடி, மறுபடி குளிர்ந்த தண்ணீர் பட்டதும் விரிசல் விட்டுவிட்டது. அவன் கவனிக்கவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு, ஹீட்டரை வெளியே எடுத்துப் பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு. மேசை இழுப்பறையில் புது ஹீட்டர் இருந்தது. இழுப்பறையைத் திறக்கவும் செய்தேன். பிறகு மூடிவிட்டு, பழையதையே தொட்டியில் வைத்தேன். கோடு தெரியாதபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்தேன். அவன் செய்த தவறு, அவனுக்கே வைத்தேன். நாற்காலிக்கு வந்து பிளக்கைச் சொருகினேன்.

அவன் வலையும் வாளியுமாகத் திரும்பி வந்தான். "மச்சான், இந்தத் தொட்டியிலேர்ந்து அவ வளத்த கோராமிய மட்டும் எடுத்துக்கட்டுமா? அங்க கடைக்கு முதல் மீனா அதான் வேணும்னு ஆசப்படுறா," என்றான். கொஞ்சம் தயங்கி, "நீங்க வேணாம்னா வேணாம்," என்றும் சொன்னான். நான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்த டீச்சரம்மா மறுபடி கேட்டிருந்த மீன்களை அப்போதுதான் பையில் பிடித்து, காற்று நிரப்பிக்கொண்டிருந்தேன். தரை ஈரமாக இருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, இரும்பு ஸ்டாண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்தான்.

"மச்சான், புடுங்கியாச்சா?"

"ஆச்சு" என்றேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வார்த்தை. தானே வந்து பிடுங்கியிருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருப்பான். விதி எல்லாருக்கும் ஒன்றுதான், அவன் அதை மதிக்கவில்லை. நான் உடனே போய் பிளக்கைப் பிடுங்கினேனா என்று கேட்டீர்கள். இல்லை. கையில் பை இருந்தது. காற்றடைத்த பையைக் கட்டாமல் கீழே வைத்தால் மீன் செத்துப்போகும். ரப்பர் பேண்டை எடுத்து, பையின் வாயை முறுக்கி, இறுக்கமாகச் சுற்றி, கசிகிறதா என்று கவிழ்த்துப் பார்த்து, மேசைமேல் வைத்துவிட்டுப் பிறகுதான் திரும்பினேன். பிடுங்கினேன். ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டேன். அவனைத் தொடுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்த்தேன், மீன்களில் ஒன்றிரண்டு மிரண்டுபோய் மூலையில் நின்றன, மற்றபடி சேதமில்லை.

நீங்கள் வந்து பார்த்துவிட்டு விபத்து என்றுதான் எழுதினீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, நீங்களும் மேலோட்டமாகப் பார்க்கிறவர்தானே. என் தங்கைதான் நாலு நாள் கழித்து உங்களிடம் வந்தாள். என்ன சொன்னாள் என்று நேற்று படித்துக் காட்டினீர்கள். "என் அண்ணன் கடையில விரிசல் விட்ட ஹீட்டர் தண்ணிக்குள்ள இருக்காது. என் வீட்டுக்காரர் கேக்காம கைய வைக்க மாட்டார். அவர் கேட்டா அண்ணன் பதில் சொல்லாம இருக்க மாட்டார்." நீங்கள் படித்து முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பயத்தில் இல்லை. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கத்தினேன், ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவள் ஒருத்திதான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு மனசில் வைத்திருக்கிறாள். என் வேலையை அவ்வளவு தெரிந்தவள் உலகத்தில் வேறு யாருமில்லை.

அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். விரிசலைப் பார்த்தேன், தெரிந்தே வைத்தேன், பிடுங்காமல் பிடுங்கியாச்சு என்றேன். அவன் சாகவேண்டும் என்றுதான் சொன்னேன்.

வெளியே பெஞ்சில் அவள் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பதைக் கதவு திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். நான் என்ன சொன்னேன் என்று கேட்டுவிட்டுத்தான் போவேன் என்கிறாளாம், உங்கள் ஏட்டு சொன்னார். கோபம் இருக்கும், ஆறட்டும். இனிமேல் அவளைக் கடிக்க யாருமில்லை. சீக்கிரம் எழுதி முடித்துவிடுங்கள் ஐயா, நான் வரும்வரை அவள் காத்துக்கொண்டிருப்பாள், அவளுக்குத் தனியாக எங்கேயும் போய்ப் பழக்கமில்லை.